உங்களுக்குத் தெரியுமா? பாட்டும் ஓவியமும் சேர்ந்த பாறை

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் உள்ள சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக்குளமே விரிகிறது. மீன், வாத்து, எருமை, யானை, இடையே பூப்பறிக்கும் மனிதர்கள். அந்தத் தாமரைத் தண்டுகளின் வளைவை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இந்த ஓவியங்கள் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தவை என்றே முன்பு கருதப்பட்டது. காலக்கணிப்பை மாற்றியது ஒரு பாட்டு! குடைவரைக்கு வெளியே பாறையில் செய்யுள் வடிவில் வெட்டப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் (9ஆம் நூற்றாண்டு) மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அறிவர் கோயில் எனப்படும் இந்தக் குடைவரையைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. ஓவியம் பார்க்கப் போகிறவர்கள், அந்தக் கல்வெட்டின் முன்னும் சற்று நில்லுங்கள்.