29 ஷில்லிங் பாக்கி

கற்பனை தொட்ட குற்றங்கள் – 12

லண்டனில் ஐந்து பெண்களைக் கொன்றுவிட்டுக் கடைசிவரை பிடிபடாமல் போன கொலைகாரருக்கு ‘ஜாக் த ரிப்பர்’ என்ற பெயர் எங்கிருந்து முளைத்தது என்று சென்ற வாரம் பார்த்தோம். 1888 செப்டம்பர் 27 அன்று லண்டன் சென்ட்ரல் நியூஸ் நிறுவனத்துக்குச் சிவப்பு மையில் எழுதப்பட்ட ஒரு கடிதம் வந்தது. அதன் அடியில் இருந்த கையெழுத்துதான் இந்தப் பெயர். அதை எழுதியவர் கொலைகாரர் அல்ல, யாரோ ஒரு பத்திரிகைக்காரர் என்றே அன்றைய மூத்த போலீஸ் அதிகாரிகள் சிலர் நம்பினார்கள். பெயரே இட்டுக்கட்டியது என்றால், அந்தப் பெயரின் மேல் கட்டப்பட்ட கதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அவற்றுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றை இந்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் கதையைக் கேளுங்கள். விக்டோரியா மகாராணியின் பேரன் இளவரசர் ஆல்பர்ட் விக்டர், ஆனி குரூக் என்ற ஏழைக் கடைப்பெண்ணைக் காதலித்து ரகசியமாகத் திருமணம் செய்துகொள்கிறார். அவள் கத்தோலிக்கப் பெண். ஒரு பெண் குழந்தையும் பிறக்கிறது. செய்தி அரண்மனைக்கு எட்டுகிறது. ஆனியைப் பிடித்துப் பைத்தியக்கார விடுதியில் அடைக்கிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்ட மேரி ஜேன் கெல்லியும் அவளுடைய தோழிகளும் ரகசியத்தை வெளியிட்டுவிடுவோம் என்று மிரட்டிப் பணம் கேட்கிறார்கள். மகாராணியின் மருத்துவர் சர் வில்லியம் கல், ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் சடங்குமுறைப்படி அந்தப் பெண்களை ஒவ்வொருவராகக் கொல்கிறார். ஜான் நெட்லி என்ற வண்டிக்காரர் கோச்சு ஓட்டுகிறார். சங்கத்தைச் சேர்ந்த போலீஸ் கமிஷனர் தடயங்களை அழிக்கிறார்.

சுவையான கதை. எல்லா முடிச்சும் அவிழ்கிறது. யார், ஏன், எப்படி, ஏன் பிடிபடவில்லை என்று கேள்விகள் அனைத்துக்கும் ஒரே மூச்சில் பதில் கிடைக்கிறது. அதனால்தான் சினிமா, சித்திரக் கதை, வீடியோ கேம் என்று எல்லோரும் இதன் பின்னால் ஓடினார்கள்.

கதை பிறந்த கதை

இது ஒரே நாளில் உருவானதல்ல. 1895-லேயே சிகாகோ பத்திரிகை ஒன்று, கொலைகாரர் லண்டனின் பெரிய மருத்துவர் ஒருவர் என்றும், சக மருத்துவர்கள் கூடி ரகசியமாக விசாரித்து அவரைப் பைத்தியக்கார விடுதியில் அடைத்துவிட்டார்கள் என்றும் எழுதியது. பெரிய மனிதர்கள் கதவை அடைத்துக்கொண்டு முடித்த விவகாரம் என்ற விதை அங்கே விழுந்துவிட்டது.

1970-ல் தாமஸ் ஸ்டோவெல் என்ற முதிய மருத்துவர், அரச வாரிசு ஒருவரே கொலைகாரர் என்று பெயர் சொல்லாமல் ஒரு கட்டுரை எழுதினார். வாசித்தவர்கள் ஆல்பர்ட் விக்டர்தான் என்று ஊகித்துக்கொண்டார்கள். கட்டுரை வந்த சில நாட்களில் ஸ்டோவெல் இறந்துபோனார். அவருடைய காகிதங்களைக் குடும்பத்தார் எரித்துவிட்டார்கள். 1973-ல் பிபிசி ஒளிபரப்பிய தொடர் ஒன்றில், ஓவியர் வால்டர் சிக்கர்ட்டின் மகன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஜோசப் சிக்கர்ட் தோன்றினார். ரகசியத் திருமணம், குழந்தை, மருத்துவர் கல் எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தவை. அந்தக் குழந்தைதான் தன் தாய் என்றார் அவர்.

ஸ்டீபன் நைட் என்ற இளம் பத்திரிகையாளர் அவரைத் தேடிப் போய்ப் பேசினார். 1976-ல் புத்தகம் போட்டார். ஃப்ரீமேசன் சடங்கு என்ற சங்கதி அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான் ஊரெங்கும் பரவியது. அதோடு நில்லாமல், கொலையில் வால்டர் சிக்கர்ட்டுக்கும் பங்கு உண்டு என்று நைட் எழுதிவிட்டார். தன் தந்தையைக் கொலைகாரராக்கியதில் கொதித்துப்போன ஜோசப், 1978-ல் லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகையிடம் கொலைகளைப் பற்றித் தான் சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்று ஒப்புக்கொண்டார்.

அதற்குள் கதை கைமாறிவிட்டது. 1979-ல் வந்த ‘மர்டர் பை டிக்ரி’ படத்தில் ஷெர்லாக் ஹோம்ஸே இந்தச் சதியைத் துப்புத் துலக்கினார். எழுத்தாளர் ஆலன் மூரும் ஓவியர் எடி கேம்பலும் 1989 முதல் சுமார் பத்தாண்டுகள் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘ஃப்ரம் ஹெல்’ சித்திரக் கதை இதன் உச்சம். 2001-ல் அது ஜானி டெப் நடித்த படமானது. 2015-ல் ‘அசாசின்ஸ் கிரீட்’ வீடியோ கேம் ஃப்ரீமேசன்களை விட்டுவிட்டு, தன் சொந்தக் கற்பனையான கொலையாளிச் சங்கத்துக்குள் ரிப்பரைக் கொண்டுவந்து வைத்தது. சங்கம் மாறினாலும் சூத்திரம் மாறவில்லை.

சாக்பீஸ் எழுத்து

இந்தக் கதை நிற்பதற்குக் காரணம், இடையிடையே நிஜமான செங்கற்கள் இருப்பதுதான். ஒன்றை எடுத்துப் பார்ப்போம்.

1888 செப்டம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. ஒரே இரவில் இரண்டு கொலைகள். எலிசபெத் ஸ்ட்ரைடின் உடல் பெர்னர் தெருவிலும், கேத்தரின் எடோவ்ஸின் உடல் மைட்டர் சதுக்கத்திலும் கிடக்கின்றன. சுமார் 2.55 மணிக்கு கௌல்ஸ்டன் தெருவில் ஒரு குடியிருப்பின் வாசலில், எடோவ்ஸின் ஏப்ரனிலிருந்து வெட்டிய ரத்தக்கறை படிந்த துண்டைக் கான்ஸ்டபிள் ஆல்ஃப்ரட் லாங் கண்டெடுக்கிறார். அதற்கு மேலே சுவரில் சாக்பீஸால் எழுதிய ஒரு வாசகம். யூதர்களைப் பழிப்பதாகவும் படிக்கலாம், அவர்களுக்காகப் பேசுவதாகவும் படிக்கலாம். ‘யூதர்கள்’ என்ற சொல் மட்டும் எழுத்துப்பிழையோடு இருந்தது. புகைப்படம் எடுக்க வெளிச்சம் வரட்டும் என்று சிட்டி போலீஸார் காத்திருந்தார்கள். மெட்ரோபாலிட்டன் போலீஸ் கமிஷனர் சர் சார்லஸ் வாரன் நேரில் வந்து, விடிவதற்குள் அதை அழிக்கச் செய்தார்.

அழிக்கச் செய்தது உண்மை. வாரன் ஃப்ரீமேசன் என்பதும் உண்மை. மேசன் வரலாற்றை ஆராயும் லண்டன் ‘லாட்ஜ்’ (சங்கக் கிளை) ஒன்றின் முதல் தலைவரே அவர்தான். ஜெருசலேமில் சாலமோன் ஆலயம் இருந்த மலையடியில் அகழாய்வு நடத்தியவரும் அவரே. மேசன்களின் புராணக் கதையோ அந்த ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பி மூன்று துரோகிகளால் கொல்லப்பட்டதைப் பற்றியது. இவ்வளவு கையில் கிடைத்தால் எந்தக் கதாசிரியன் விடுவான்? சுவரில் இருந்த பிழையான சொல் யூதர்களைக் குறிக்கவில்லை, அந்த மூன்று துரோகிகளைக் குறிக்கும் சங்கேதம் என்றார் நைட். ஆனால் துரோகிகளின் பெயர்கள் இங்கிலாந்து மேசன் சடங்கிலிருந்து கொலைகளுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே நீக்கப்பட்டுவிட்டன. அவர்களை மொத்தமாகக் குறிக்க அப்படி ஒரு சொல் மேசன்களிடம் இருந்ததற்கும் ஆதாரமில்லை.

வாரன் அழித்ததற்கான காரணத்தை அவரே நவம்பர் 6 அன்று உள்துறைக்கு எழுதியிருக்கிறார். ரஷ்யப் பேரரசின் கலவரங்களிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. அந்தச் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில்தான் ஜான் பைசர் என்ற யூதச் செருப்புத் தொழிலாளியைக் கொலைகாரர் என்று ஊரே தூற்றி, பிறகு அவர் நிரபராதி என்று தெரிந்திருந்தது. விடிந்தால் ஞாயிற்றுச் சந்தை, ஜனக்கூட்டம். அந்த எழுத்து கண்ணில் பட்டால் வீடுகள் சூறையாடப்படும் என்று அவர் அஞ்சினார். புகைப்படம் எடுக்காமல் அழித்தது தவறா என்று விவாதிக்கலாம். ஆனால் அந்த அச்சத்தில் பொருள் இருந்தது. ரகசியச் சங்கக் கதை அந்த அச்சத்தையும், அதற்குக் காரணமான யூத வெறுப்பையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது.

எடோவ்ஸ் சொன்ன பெயர்

இன்னொரு செங்கல் கேத்தரின் எடோவ்ஸ். செப்டம்பர் 29 இரவு எட்டரை மணிக்குக் குடிபோதையில் ஆல்ட்கேட்டில் விழுந்து கிடந்தவளைப் போலீஸார் பிஷப்ஸ்கேட் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். போதை தெளிந்ததும் நள்ளிரவு 1 மணிக்கு அனுப்பிவைத்தார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் அவள் உயிரோடு இல்லை. ஸ்டேஷனில் அவள் சொன்ன பெயர் மேரி ஆன் கெல்லி.

கதை இதைப் பிடித்துக்கொண்டது. மேரி கெல்லி என்று நினைத்து ஆள் மாறிக் கொன்றுவிட்டார்கள் என்றது. ஆனால் எடோவ்ஸ் சேர்ந்து வாழ்ந்தவரின் பெயர் ஜான் கெல்லி. அவள் கெல்லி என்று சொல்லிக்கொண்டதில் என்ன மர்மம்? இருவரும் கென்ட் பகுதியில் ஹாப்ஸ் பறிக்கும் கூலி வேலைக்குப் போய்விட்டுக் கையில் காசில்லாமல் திரும்பியிருந்தார்கள். சாப்பாட்டுக்காக அவருடைய பூட்ஸை இரண்டரை ஷில்லிங்குக்கு அடகு வைத்தார்கள். அந்தச் சீட்டில் இருந்த பெயரும் ஜேன் கெல்லிதான். இறந்தபோது அவளிடமிருந்த ஒரு கடுகு டப்பாவுக்குள் அடகுச் சீட்டுகள் இருந்தன. வேறு தகர டப்பாக்களில் கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் சர்க்கரை. துணித் துண்டுகள். போட்டிருந்த உடைகளைத் தவிர அவளுடைய சொத்து ஏறக்குறைய அவ்வளவுதான். அடகுச் சீட்டுச் செய்தியைப் பத்திரிகையில் படித்துத்தான் ஜான் கெல்லி போலீஸாரிடம் வந்தார்.

அரண்மனையை மிரட்டியவர்களின் லட்சணமா இது? கதையின்படி மிரட்டலுக்குத் தலைமை தாங்கிய மேரி ஜேன் கெல்லியைப் பாருங்கள். மில்லர்ஸ் கோர்ட்டில் 13-ஆம் எண் அறை. வாரம் நாலரை ஷில்லிங் வாடகை. நவம்பர் 9 காலை வீட்டுக்காரரின் ஆள் பாக்கி வாடகை கேட்கப் போய், உடைந்த ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுதான் அவள் இறந்தது தெரிந்தது. பாக்கி 29 ஷில்லிங். முதலில் கொல்லப்பட்ட மேரி ஆன் நிக்கோல்ஸிடம் விடுதிப் படுக்கைக்கு வேண்டிய 4 பென்ஸ் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலையில் புதிதாக ஒரு தொப்பி இருக்கிறது, சீக்கிரமே காசு சேர்த்துவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே போனவள் அவள். ஆனி சாப்மனும் படுக்கைக்குக் காசில்லாமல் வெளியே அனுப்பப்பட்டவளே. அவளுடைய நுரையீரல் முற்றிய நோயில் இருந்ததாகவும், உடல் வறுமையில் வாடியிருந்ததாகவும் மரண விசாரணையில் மருத்துவர் பிலிப்ஸ் சாட்சி சொன்னார்.

மற்றக் கணக்குகளும் உதைக்கின்றன. செப்டம்பர் 30 அன்று ஆல்பர்ட் விக்டர் ஸ்காட்லாந்தில் இருந்தார். நவம்பர் 9 அன்று தந்தையின் பிறந்தநாளுக்காக சாண்ட்ரிங்காமில் இருந்தார். மருத்துவர் கல்லுக்கு அப்போது வயது 71. முந்தின ஆண்டே பக்கவாதம் தாக்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1772-ஆம் ஆண்டு அரச திருமணச் சட்டப்படி மகாராணியின் சம்மதமில்லாமல் இளவரசர் செய்துகொள்ளும் திருமணம் செல்லவே செல்லாது. சட்டமே ஒரு வரியில் முடித்துவைக்கும் விஷயத்துக்கு ஐந்து கொலைகள் எதற்கு?

கற்பனையின் கடன்

வரலாற்றை வைத்துக் கதை எழுதுவது குற்றமே இல்லை. ‘ஃப்ரம் ஹெல்’ மகத்தான படைப்பு. அதில் கல் தன் வண்டிக்காரரோடு லண்டன் முழுக்கச் சுற்றி, கட்டடக் கலைஞர் ஹாக்ஸ்மூர் கட்டிய தேவாலயங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசும் அத்தியாயம், ஒரு நகரத்தையே மனநோயாளியின் கண்ணால் பார்க்க வைக்கிறது. நைட்டின் கொள்கையில் தனக்கு நம்பிக்கையில்லை என்று மூர் புத்தகத்தின் பின்னிணைப்பிலேயே விளக்கமாக எழுதியிருக்கிறார். நேர்மையான கலைஞன் செய்ய வேண்டிய காரியம் அது. இறுதித் தீர்வு என்றே தன் புத்தகத்துக்குப் பெயர் வைத்த நைட் அதைச் செய்யவில்லை.

இந்தக் கதையோடு எனக்குள்ள சண்டை வேறு. இறந்தவர்களை அது குற்றவாளிகளாக்குகிறது. சதிக்கு ஒரு நோக்கம் வேண்டும். நோக்கத்துக்காகப் பெண்கள் மிரட்டல்காரிகளாக வேண்டும். பெரிய ரகசியம் தெரிந்ததால் செத்தார்கள் என்று சொல்லும்போது, 4 பென்ஸ் இல்லாததால் இரவில் தெருவில் நின்றார்கள் என்ற சின்ன உண்மை காணாமல் போகிறது. உண்மையில் அந்தச் சின்ன உண்மைதான் பெரியது. அதை எந்த ரகசியச் சங்கமும் மறைக்கவில்லை. மரண விசாரணையில் பகிரங்கமாகச் சொன்னார்கள், பத்திரிகைகள் அச்சிட்டன, லண்டன் முழுவதும் படித்தது. ஒளிந்திருக்கும் வில்லனைக் கண்டுபிடிப்பது சுகமாக இருக்கிறது. கண்ணெதிரே இருக்கும் அநியாயத்துக்குப் பதில் சொல்வது சுகமாக இல்லை. சதிக்கதையின் கவர்ச்சி முழுவதும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

2019-ல் ஹாலி ரூபன்ஹோல்டு எழுதிய ‘த ஃபைவ்’ இந்தக் கடனை அடைக்க முயன்ற நூல். கொலைகாரரைத் தேடாமல், கொல்லப்பட்ட ஐவரின் பிறப்பு முதலான வாழ்க்கையை அது தேடியது. நிக்கோல்ஸ், சாப்மன், எடோவ்ஸ் மூவரும் பாலியல் தொழிலாளிகள் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று ரூபன்ஹோல்டு வாதிட்டார். அந்த ஆண்டின் பெய்லி கிஃபர்ட் பரிசு அதற்குக் கிடைத்தது. ரிப்பர் ஆய்வாளர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. 130 ஆண்டுகளாகக் கத்தியைப் பிடித்த கையை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்.

இனி ரிப்பர் கதை எழுதுகிற யாரும் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் சங்கத்துக்கு எத்தனை சடங்கு வேண்டுமானாலும் கொடுங்கள், இளவரசரைக்கூடக் கொண்டுவாருங்கள். அந்த ஐந்து பெண்களுக்கு மட்டும் நீங்கள் தரும் வாழ்க்கை, அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையைவிடக் கேவலமாக இருக்க வேண்டாம். இந்தத் தொடரும் அதே வழியில்தான் போகும். கொலைகாரர் யார் என்ற கேள்வியை இங்கேயே விட்டுவிடுவோம்.

(அடுத்த வாரம்: சுவீடனில் கோதன்பர்க் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1843-ல் பிறந்த எலிசபெத் ஸ்ட்ரைட், லண்டனுக்கு ஏன் வந்தாள்?)