புதுசு எத்தனை, பழசு எத்தனை: ரோஸ் அரங்கின் கணக்குப் புத்தகம்

லண்டனின் பெரிய நாடக அரங்குகள் அவ்வப்போது 'வரவிருக்கும் பருவம்' என்று ஒரு பட்டியல் வெளியிடுவார்கள். புது நாடகம் இத்தனை, மறுபடி மேடையேறும் பழைய நாடகம் இத்தனை என்று இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். புதுசுக்கும் பழசுக்கும் இந்த விகிதத்தை எதை வைத்து முடிவு பண்ணுகிறார்கள்? பட்டியலில் தலைப்பு இருக்கும், தேதி இருக்கும், டிக்கெட் விலை இருக்கும். உள்ளே ஓடுகிற கணக்கு இருக்காது.

அந்த உள்கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் 430 வருஷம் பின்னால் போக வேண்டும். தேம்ஸ் நதியின் தென்கரையில் 1587-ல் 'ரோஸ்' என்ற அரங்கைக் கட்டிய பிலிப் ஹென்ஸ்லோ என்ற வியாபாரி, 1592-லிருந்து எந்த நாளில் எந்த நாடகம் நடந்தது, தனக்கு எவ்வளவு வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். 'ஹென்ஸ்லோவின் டைரி' என்று பெயரே தவிர, அது டைரி அல்ல. அவருடைய அண்ணனோ தம்பியோ காட்டு மரக் கணக்கும் சுரங்கக் கணக்கும் எழுதிய ஒரு பழைய நோட்டு. மிச்சமிருந்த பக்கங்களை இவர் பயன்படுத்திக்கொண்டார். நாடக வசூலுக்குப் பக்கத்திலேயே அடகுக் கணக்கு, கைமாற்று, கை வைத்தியக் குறிப்பு எல்லாம் இருக்கிறது. நம்ம ஊர் மளிகைக்கடை அண்ணாச்சியின் நீளக் கணக்கு நோட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் அச்சுப் பதிப்பை வைத்துக்கொண்டு ஒரு விடுமுறையில் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்ற ஆரம்பித்தேன். தேதிவாரியாக வரிசைப்படுத்தினதும் நடுவில் ஒரு வருஷம் காணாமல் போனது. என் தப்பு என்று நினைத்து அரை நாள் தேடினேன். விஷயம் என்னவென்றால், அன்றைய இங்கிலாந்தில் வருஷம் பிறப்பது மார்ச் 25-ல். ஆகவே நமக்கு 1592 பிப்ரவரி என்பது ஹென்ஸ்லோவுக்கு 1591 பிப்ரவரி. இருபது வருஷமாக மென்பொருளில் தேதிப் பிழைகளோடு மல்லுக்கட்டியவனுக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். அன்றைய நாணயத்தில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. முற்றத்தில் நின்று பார்க்க ஒரு பென்னி, மாடத்துக்குப் போக இன்னொரு பென்னி. ஹென்ஸ்லோ எழுதுவது மொத்த வசூல் அல்ல, மாடத்து வசூலில் அவருடைய பாதிப் பங்கு என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிற விளக்கம். ஆக, இதை மொத்த வருமானமாகப் படிக்கக்கூடாது. ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

1592 பிப்ரவரி 19-ல் லார்ட் ஸ்ட்ரேஞ்ச் குழு ரோஸில் பருவத்தைத் தொடங்குகிறது. முதல் நாள் ராபர்ட் கிரீனின் 'ஃப்ரையர் பேக்கன்', 17 ஷில்லிங் 3 பென்னி. அடுத்து ஒரு மொராக்கோ ராஜா கதை, 29 ஷில்லிங். பிறகு 'ஆர்லாண்டோ', 16 ஷில்லிங் 6 பென்னி. இப்படியே போய் ஏழாவதாக 26-ஆம் தேதி கிறிஸ்டோபர் மார்லோவின் 'ஜ்யூ ஆஃப் மால்டா'. அன்றைக்கு மட்டும் 50 ஷில்லிங். ஏழு நாளில் ஏழு வேறு வேறு நாடகங்கள். எதுவும் திரும்ப வரவில்லை. எதற்கும் பக்கத்தில் புதுசு என்ற குறியும் இல்லை.

இது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஒரு படம் நன்றாக ஓடினால் மறுநாளும் அதைத்தானே போடுவோம்? ரோஸில் அப்படி இல்லை. லண்டன் அன்று சுமார் இரண்டு லட்சம் பேர் வாழ்ந்த ஊர். அதில் நாடகம் பார்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே ஆட்கள். நேற்று வந்தவரை இன்றைக்கும் வரவழைக்க வேண்டுமென்றால் தினமும் வேறு நாடகம் போட்டால்தான் உண்டு.

மார்ச் 3-ல் முதல் புதுசு வருகிறது: 'ஹாரி தி சிக்ஸ்த்'. ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி முதல் பாகம் இதுதான் என்பது பெரும்பாலோர் கருத்து. ஹென்ஸ்லோ ஓரத்தில் என், ஈ என்று இரண்டெழுத்து போடுகிறார். வசூல் 3 பவுண்டு 16 ஷில்லிங் 8 பென்னி. முதல் ஏழு நாளின் சராசரி 24 ஷில்லிங்கைத் தாண்டியதுதான். இது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். புது நாடகத்தின் முதல் நாளில் கட்டணத்தையும் கூட்டியிருப்பார்கள் என்று சொல்கிறார்கள். முதல் நாள் முதல் காட்சி மோகம் நாம் கண்டுபிடித்தது இல்லை போல.

இந்த இடத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்: புதுசுதான் சம்பாதிக்கிறது, பழசு இடத்தை நிரப்புகிறது. அடுத்த பத்து நாள் கணக்கை ஏற்றியதும் அந்த முடிவு ஆட்டம் கண்டது. அதே ஆறாம் ஹென்றி மார்ச் 7-ல் 3 பவுண்டு, 11-ல் 47 ஷில்லிங் 6 பென்னி. இறங்குகிறது. மார்ச் 14-ல் 'ஜெரோனிமோ' என்று ஒரு வரி. தாமஸ் கிட் எழுதிய 'ஸ்பானிஷ் ட்ராஜெடி'யை ஜனங்கள் அப்படித்தான் அழைத்தார்கள். மேடைக்கு வந்து சில வருஷங்களான பழைய சரக்கு. அன்றைய வசூல் 3 பவுண்டு 11 ஷில்லிங். புதுசின் முதல் நாளுக்கு ஐந்து ஷில்லிங் சொச்சம்தான் குறைவு! இத்தனைக்கும் முந்தின நாள் போட்டது அதே கதையின் முன்கதையான ஒரு நகைச்சுவை நாடகம். இன்றைக்கு முன்கதை, நாளைக்கு கதை என்று யாரோ யோசித்துத்தான் அடுக்கியிருக்கிறார்கள்.

கொள்ளைநோய் வந்து அரங்குகள் மூடிக் கிடந்ததற்குப் பிறகு, 1594-95 பருவத்தில் ரோஸில் இருந்தது அட்மிரல் குழு. வாரத்துக்கு ஆறு நாள் ஆட்டம். மொத்தம் 38 நாடகங்கள், அதில் 21 புதுசு. ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு புது நாடகம். அந்த 21-ல் அடுத்த பருவம் வரை தாக்குப்பிடித்தது எட்டு மட்டுமே. இரண்டு நாடகங்கள் ஒரே ஒரு நாளோடு சரி.

நடிகர்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள். எட்வர்ட் ஆலின்தான் குழுவின் முதன்மை நடிகர், ஹென்ஸ்லோவின் மனைவியுடைய முதல் தாரத்து மகளைக் கட்டியவர். ஃபாஸ்டஸும் அவர்தான், டாம்பர்லைனும் அவர்தான், மால்டாவின் யூதனும் அவர்தான். இத்தனையையும் தலைக்குள் வைத்துக்கொண்டு புதுசையும் மனப்பாடம் பண்ண வேண்டும். நடிகருக்கு முழுப் பிரதி கிடைக்காது. தன் வசனமும், அதற்கு முன்னால் அடுத்தவர் பேசுகிற கடைசி இரண்டு மூன்று சொல்லும் மட்டும். ஆர்லாண்டோவுக்காக ஆலினிடம் கொடுத்த அப்படியொரு வசனச் சுருள், அவர் நிறுவிய டல்விச் கல்லூரியில் இன்றைக்கும் இருக்கிறது. ஹென்ஸ்லோவின் நோட்டும் அங்கேதான்.

இனி அந்த இரண்டெழுத்து. என், ஈ என்றால் 'நியூ', வேறென்ன என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் 1597 ஜனவரி 7-ல் அதே ஜெரோனிமோவுக்குப் பக்கத்தில் அந்தக் குறி நிற்கிறது. ஐந்து வருஷம் முன்னால் இதே புத்தகத்தில் குறியில்லாமல் வந்த நாடகம் எப்படிப் புதுசாகும்? திருத்தி எழுதியதைக் குறிக்கிறது என்கிறார்கள் சிலர், புது உரிமம் வாங்கியதை என்கிறார்கள் வேறு சிலர். எனக்குத் திருத்தி எழுதியது என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது, காரணம் பிற்காலப் பக்கங்களில் இருக்கிறது. (இந்த நோட்டில் 19-ஆம் நூற்றாண்டில் ஜான் பெய்ன் காலியர் என்ற அறிஞர் சில போலி வரிகளைச் சொருகி வைத்தார். 1881-ல் அது அம்பலமானது. ஆகவே பழைய பதிப்பிலிருந்து எடுத்து எழுதுகிறவர்கள் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பது நல்லது.)

பழைய நாடகத்தைத் திரும்பக் கொண்டுவருவது இலவசம் என்று நாம் நினைப்போம். பிரதி இருக்கிறது, உடுப்பு இருக்கிறது, வசனம் தெரியும். ஹென்ஸ்லோவின் செலவுப் பக்கம் வேறு கதை சொல்கிறது. அக்காலத்தில் ஒரு முழுப் புது நாடகம் எழுத சாதாரணமாகக் கொடுத்த கூலி 6 பவுண்டு. 1602 நவம்பரில் 'டாக்டர் ஃபாஸ்டஸ்' நாடகத்தில் புதுக் காட்சிகள் சேர்க்க வில்லியம் பேர்ட், சாமுவேல் ரோலி என்ற இருவருக்குக் கொடுத்தது 4 பவுண்டு. மார்லோ இறந்து ஒன்பது வருஷமாகிவிட்டது. 1594 செப்டம்பர் 30-ல் 3 பவுண்டு 12 ஷில்லிங் கொடுத்த நாடகம், 1597-க்குள் இருபத்துச் சொச்சம் தடவை மேடையேறி வசூல் வற்றிப்போயிருந்தது. அதற்கு மறுபடி உயிர் கொடுக்க, புது நாடகக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு செலவழிக்கிறார்கள். பழசுக்கு அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது!

எழுத்துக்கூலி இவ்வளவுதானா என்று உங்களுக்குத் தோன்றினால், 1603-ல் தாமஸ் ஹேவுட்டின் 'எ உமன் கில்ட் வித் கைண்ட்னெஸ்' நாடகத்துக்கு ஆன செலவைப் பாருங்கள். எழுதினவருக்கு 6 பவுண்டு. கதாநாயகியின் கறுப்பு வெல்வெட் கவுனுக்கு 6 பவுண்டு 13 ஷில்லிங்.

கடைசியாக, அடுத்தடுத்து வருகிற இரண்டு தேதிகள். 1594 டிசம்பர் 2-ல் அறிமுகமான 'வைஸ் மேன் ஆஃப் வெஸ்ட் செஸ்டர்' நாடகம் இரண்டரை வருஷத்தில் 32 தடவை மேடையேறியது. ஃபாஸ்டஸை விட அதிகம். 1601 செப்டம்பர் 19-ல் அதன் கைப்பிரதியை ஆலினிடமிருந்து குழுவுக்காக வாங்குகிறார்கள், விலை 40 ஷில்லிங். ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 25-ல், ஜெரோனிமோவில் புதுப் பகுதிகள் எழுத பென் ஜான்சனுக்குக் கொடுத்ததும் 40 ஷில்லிங்தான். 1602-ல் சேர்க்கைகளோடு ஜெரோனிமோ அச்சில் வந்தது. அச்சான சேர்க்கை ஜான்சன் எழுதியதா, ஷேக்ஸ்பியரா என்று இன்றும் சண்டை நடக்கிறது. வெஸ்ட் செஸ்டர் அந்தப் பெயரில் அச்சேறவே இல்லை. ஆண்டனி மண்டேயின் கைப்பிரதி நாடகம் ஒன்றுதான் அது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் இல்லை என்றால், என் ஸ்ப்ரெட்ஷீட்டில் இருக்கிற அந்த 32 வரிகள்தான் மிச்சம்.