நாவல்: பழமும் கொட்டையும்

ரஞ்சன்குடிக் கோட்டையின் பாறைச் சரிவில் ஏறி இறங்கிய களைப்போடு, சாலையோரம் கூறு கட்டி வைத்திருந்த நாவல்பழம் வாங்கினேன். ஆனிக் கடைசி. விற்ற அம்மா உப்பைத் தூவிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கொட்டைய துப்பிடாதீங்க தம்பி. காயவெச்சுப் பொடி பண்ணிக்குங்க, சக்கரைக்கு நல்லது."

கடித்ததும் இனிப்பு, உடனே நாக்கைப் பிடித்திழுக்கும் துவர்ப்பு. பழத்திலுள்ள டானின் உமிழ்நீரின் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் நாக்கின் வழவழப்பு போய்விடுகிறது. பட்டையிலும் இதே டானின் உண்டு; வயிற்றுப்போக்குக்கு நாவல்பட்டைக் கஷாயம் கொடுத்தது அதை நம்பித்தான். நாக்கில் ஏறும் ஊதா, அந்தோசயனின் நிறமி. நாவல் கிராம்புக்குப் பங்காளி. இரண்டும் சிசிஜியம் பேரினம். இலையைக் கசக்கி முகர்ந்தால் உறவு பிடிபடும்.

கொட்டைப் பொடி எலிகளுக்குச் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. மனிதர்களிடம் சான்று மெலிவுதான். பிரேசிலுக்கும் போய் வேரூன்றிய மரம் இது. அங்கே இலையைத் தேநீராகக் குடிப்பார்கள். 2006இல் வெளியான பிரேசில் ஆய்வொன்றில், கிளிபென்கிளமைடு மாத்திரை சர்க்கரையைக் குறைத்தது, நாவலிலைத் தேநீர் குறைக்கவில்லை. இலை வேறு, கொட்டை வேறு என்று வாதாடலாம். ஆனால் பொடி பலிக்காவிட்டால், அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவருக்கு ஆபத்து. பலித்தாலோ, மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை மளமளவென்று இறங்கி வியர்வை, படபடப்பு, மயக்கம் வரலாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுச் சாப்பிடுவதே சரி.

பழத்துக்கு இவ்வளவு எச்சரிக்கை வேண்டாம். ஒரு கைப்பிடி போதும். படிக்கணக்கில் தின்றால் தொண்டை கரகரக்கும், மலம் கட்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

என்னைக் கேட்டால், நாவலில் பயப்பட வேண்டியது கிளைக்குத்தான். அறுத்த கட்டை தண்ணீரில் கிடந்தாலும் லேசில் மக்காது, கிணற்றடியில் போடுவார்கள். பச்சைக் கிளையோ ஆள் ஏறினால் சொல்லாமல் முறியும். கீழே பழைய சேலையை விரித்து, துறட்டியால் உலுக்குவதுதான் புத்தி.

அந்த அம்மா சொன்னபடி கொட்டையைத் துப்பவில்லை. காயவைக்கவும் இல்லை, காய்ந்தால் சீக்கிரமே முளைப்புத்திறன் போய்விடும். மறுநாளே தொட்டியில் ஊன்றினேன். நாவல் கொட்டைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருப்பதுண்டு. ஒரு கொட்டையிலிருந்து இரண்டு கன்று எட்டிப் பார்த்தது.