உத்தரவுக்குக் காத்திருக்கும் மனம்

மனநலம் கெட்ட ஒருவரை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவுக்கு அழைத்து வரும் குடும்பங்களிடம் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை உண்டு. குணமானதும், அங்கே அடங்கியிருக்கும் இறைநேசர் பாதுஷா கனவில் உத்தரவு கொடுப்பார். அதன் பிறகுதான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் இதில் கிடையாது. உத்தரவு வருவதற்குள் சிலருக்கு மாதங்கள் ஓடும், சிலருக்கு வருடங்கள். அதுவரை உடன் தங்க முடியாத உறவினர்கள், தர்காவைச் சுற்றி முளைத்த தனியார் காப்பகங்களில் பணம் கட்டி விட்டுவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு கீற்றுக் கொட்டகையில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் கூடாது என்று தடை செய்துவிட்டது. இரும்பு விஷயத்தில் சட்டம் தன் வேலையைச் செய்தது. ஆனால் தனக்குள் நடப்பதெல்லாம் செய்வினை என்று பல வருடம் நம்பியிருந்த ஒருவர் அந்த நம்பிக்கையிலிருந்து வெளியே வரும்போது, மிச்சமிருக்கும் பயத்தையும் கோபத்தையும் என்னவென்று எடுத்துக்கொள்வார்? அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. மூளை அறிவியலில் கொஞ்சம் விடை இருக்கிறது.

செய்வினை ஓட்டை இல்லாத விளக்கம். தூக்கம் வராவிட்டால் ஏவல். கோபம் வந்தால், உள்ளே புகுந்தது கோபப்படுகிறது. ஓதி ஊதியும் குறையவில்லையா, வைத்தவன் பலமானவன். எது நடந்தாலும் நம்பிக்கை தோற்காது. இதில் ஓர் ஆறுதலும் உண்டு, அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. “எம்புள்ள நல்லவந்தான், இது அது பண்ற வேலை” என்று தாய் சொல்லும்போது பழி பிள்ளை மேல் விழுவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ‘நான் பயந்தேன்’, ‘எனக்கு ஆத்திரம் வந்தது’ என்று சொல்லும் பழக்கமே விட்டுப்போகிறது. உணர்ச்சிகள் எல்லாம் வேறொருவருடைய உடைமை ஆகிவிடுகின்றன.

நம்முடையதே வேறொருவருடையதாக எப்படித் தோன்றுகிறது? காதில் கேட்கும் குரல்களை எடுத்துக்கொள்வோம். நாம் பேசும்போது மூளையின் பேச்சுப் பகுதி, ‘இது நம் சத்தம்தான்’ என்று கேட்கும் பகுதிக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பிவிடுகிறது. அதனால் சொந்தக் குரலுக்குக் கேட்கும் பகுதி அடங்கியே பதில் தருகிறது. மனச்சிதைவு உள்ளவர்களிடம் இந்த அடக்கம் குறைவாக இருப்பது மின் அலைப் பதிவுகளில் தெரிகிறது. மனதுக்குள் ஓடும் சொந்தப் பேச்சே வெளியாள் பேசுவதுபோலக் கேட்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கருத்து. பேய் என்ற முடிவுக்கு வந்தவர் முட்டாள் இல்லை. தனக்குக் கிடைத்த தகவலுக்குத் தன் ஊர் தந்த விளக்கத்தைப் பொருத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்த ஊர் விளக்கம் குரலின் குணத்தையே மாற்றக்கூடும். மானிடவியலாளர் தான்யா லூர்மன், சென்னையின் ‘ஸ்கார்ஃப்’ மனநல அமைப்பின் மருத்துவர்கள் ஆர். பத்மாவதி, ஹேமா தரூர் ஆகியோருடன் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில் சென்னை, கலிபோர்னியா, கானாவின் அக்ரா ஆகிய இடங்களில் தலா 20 நோயாளிகளிடம் பேசினார்கள். அமெரிக்கர்கள் பலருக்குக் குரல்கள் வன்முறையானவை, மூளைக் கோளாறின் அடையாளம். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டது உறவினர்களின் குரல். குளி, சமை, வீட்டைப் பெருக்கு என்று அது அதட்டியது. நம் வீடுகளை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது!

இன்னொரு ஆய்வு பகுத்தறிவாளர்களுக்குச் சற்று சங்கடம் தரும். தமிழ்நாட்டின் முத்துசாமி கோயில் ஒன்றில் வந்து தங்கிய 31 பேரை மனநல மருத்துவர் ஆர். ரகுராம் குழுவினர் ஆராய்ந்து, முடிவை 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மருந்து இல்லை. உறவினர் ஒருவர் கூடவே இருந்தார். கோயிலைப் பெருக்குவதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும்தான் வேலை. சராசரியாக ஆறு வாரம். நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. இதை வைத்து மருந்து வேண்டாம் என்று சொல்வது ஆபத்து. ஆனால் நம்பிக்கையை விட்டு வெளியே வருபவர் எதையெல்லாம் இழக்கிறார் என்பதை இது காட்டிவிடுகிறது. பக்கத்தில் ஆள், நாளுக்கு ஓர் ஒழுங்கு, பயமில்லாத இடம். விளக்கத்தோடு சேர்த்து இவையும் போய்விடுகின்றன.

சமூகவியலாளர் ஹெலன் ரோஸ் இபா 1988இல் எழுதிய நூலில், ஒரு வாழ்க்கையை விட்டு வெளியேறியவர்களைப் பற்றிப் பேசுகிறார். அவரே கன்னியாஸ்திரீயாக இருந்து மடத்தைவிட்டு வந்தவர். பழைய அடையாளம் கழன்று விழுவதில்லை, ‘முன்னாள்’ என்ற பெயரில் புதிய அடையாளத்துக்குள் தங்கிவிடுகிறது என்பது அவர் கண்டது. ஏர்வாடியிலிருந்து திரும்பியவருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். தாயத்தைக் கழற்றியவர் அமாவாசை இரவில் தூக்கம் வராமல் புரண்டால், அவர் பின்வாங்கிவிட்டார் என்று அர்த்தமில்லை. பல வருடப் பழக்கம் உடம்பில் ஊறியிருக்கிறது.

புதிதாகக் கற்க வேண்டியது, உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது. உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில், கோபமான, பயந்த முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையின் அபாய மணியான அமிக்டலா அடங்கியது. நெற்றிக்குப் பின்னுள்ள ஒரு பகுதி சுறுசுறுப்பானது. பெயர் வைப்பது பொழுதுபோக்கு அல்ல, அதுவே ஒரு கட்டுப்பாடு. நெஞ்சு படபடக்கிறது என்றால் பட்டினியா, நேற்றைய சண்டையா, மாத்திரையின் பக்கவிளைவா என்று பிரித்துப் பார்ப்பவருக்கு அடுத்துச் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது. ‘அது வந்துடுச்சு’ என்பவருக்குக் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை.

மருத்துவர்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். ‘செய்வினை பட்டவன்’ என்ற பட்டத்தைப் பிடுங்கிவிட்டு ‘மனச்சிதைவுக்காரன்’ என்ற பட்டத்தைக் கொடுத்து, மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பினால் விளக்கம்தான் மாறியிருக்கிறது, காத்திருப்பு மாறவில்லை. கனவு உத்தரவுக்குப் பதில் டாக்டர் உத்தரவு.

இந்த இடத்தில் ‘தவா–துஆ’ திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. மருந்தும் பிரார்த்தனையும் என்று பொருள். குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில் தொடங்கிய முறையை ஒட்டி, ஏர்வாடி தர்காவிலும் தமிழக அரசு மனநலச் சிகிச்சையைக் கொண்டுவந்தது. நம்பிக்கையை அறுத்தெறிந்துவிட்டு வா என்று அது யாரையும் கேட்பதில்லை. ஓதிக்கொள்ளலாம், மாத்திரையும் போட்டுக்கொள்ளலாம். நம்பிக்கையை விடுவதா வேண்டாமா என்பதை மனம் தெளிந்த பிறகு அவரே முடிவு செய்யட்டும். நோயின் நடுவில் அந்த முடிவை அவர் மேல் திணிக்க வீட்டாருக்கும் உரிமை இல்லை, எங்களைப்போல் எழுதுகிறவர்களுக்கும் இல்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், குணம் தெரிகிறதே என்று மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கட்டிவைக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.