கிள்ளானுக்கு உதவிய வழி குன்றுகளுக்கு உதவவில்லை

1901 தொடக்கத்தில் மலாயாவின் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார் ஸ்காட்லாந்துக்காரரான மால்கம் வாட்சன். ஊரைச் சதுப்பும் காடும் சூழ்ந்திருந்தன. மலேரியா எட்டிப் பார்க்காத வீடு அரிது. அதே ஆண்டு செப்டம்பரில், அலையாத்திக் காட்டை ஒட்டிப் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான் துறைமுகம் திறக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் ஊழியர்கள் வரிசையாகப் படுத்துவிட, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது.

மலேரியா ஒட்டுண்ணி அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் வளர்வதைச் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. எல்லோருக்கும் கொயினா கொடுத்துக் காலம் தள்ளியிருக்கலாம். வாட்சன் கேட்டது வடிகால். காடு வெட்டப்பட்டது, சதுப்பு வடிக்கப்பட்டது. துறைமுகத்தில் கடல்நீர் ஏறாதபடி கரை எழுப்பப்பட்டது. 1901-ல் கிள்ளான் நகரிலிருந்து 334 பேரும் துறைமுகத்திலிருந்து 188 பேரும் மலேரியாவுடன் மருத்துவமனைக்கு வந்தார்கள். 1905-ல் அந்த எண்ணிக்கை 12, 11 எனச் சுருங்கியது. மழை குறைந்ததால் வந்த பலன் என்று தட்டிக்கழிக்கவும் இடமில்லை. மாவட்டத்தில் வடிகால் வெட்டாத பிற பகுதிகளில் அதே ஐந்தாண்டுகளில் நோயாளிகள் 197-லிருந்து 353 ஆகப் பெருகியிருந்தார்கள்.

ஆனால் இதே வழி உள்நாட்டுக் குன்றுகளில் எடுபடவில்லை. ரப்பருக்காகக் காடு அழித்து, ஓடைகளைத் துப்புரவாக்கிய தோட்டங்களில் காய்ச்சல் ஓயாததோடு கூடவும் செய்தது. காரணம் கொசுவின் இனம். கடலோரத் தாழ்நிலத்தில் நோய் பரப்பிய அனோபிலிஸ் அம்ப்ரோசஸ், மர நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடும். நிழல் போனால் அதுவும் போய்விடும். குன்றுகளில் பரப்பிய மாக்குலேட்டஸ், வெயில் படும் தெளிந்த ஓடைநீரைத் தேடி வரும். காட்டை வெட்டியவர்கள் அதற்கு வாசல் திறந்துவிட்டிருந்தார்கள்.

இன்று ஷா ஆலமும் சுபாங் ஜெயாவும் பரந்திருக்கும் வட்டாரம் அன்று ரப்பர்க் காடு. அங்கிருந்த சீபீல்டு தோட்டம் வாட்சனின் முக்கியமான சோதனைக்களங்களில் ஒன்று. பள்ளத்தாக்கு ஓடைகளை நிலத்தடிக் குழாய்களுக்குள் விட்டு நீரை வெயிலிலிருந்து மறைப்பது ஒரு முறை, செலவு அதிகம். மற்றொன்று, ஓடைகளில் தவறாமல் எண்ணெய் தெளித்துக் கொசுப் புழுக்களை மூச்சுத்திணற வைப்பது. தோட்டத் துரைமார் இதற்குப் பணம் ஒதுக்கியதில் கருணையை மட்டும் தேட வேண்டாம்: பால் வெட்டும் தமிழ்த் தொழிலாளி காய்ச்சலில் லயத்தில் கிடந்தால் அன்றைய ரப்பர் மரத்தோடு நின்றுவிடும். எந்த இடத்தில் எந்தக் கொசு என்று பார்த்து அதற்கேற்பத் திட்டமிடும் முறை இங்கிருந்து டச்சு இந்தியத் தீவுகளுக்கும் போனது.

மலேசியத் தீபகற்பத்தில் மலேரியா ஒழிப்புத் திட்டம் 1967-ல் தொடங்கியது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா மலேசியா முழுவதிலும் 2018-ல் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. எனினும் அந்த ஆண்டில் மட்டும் 4,000-க்கு மேற்பட்டோருக்குக் குரங்கு மலேரியா வந்தது. பெரும்பாலும் சபா, சரவாக்கில். பிளாஸ்மோடியம் நோலெசி எனும் இந்த ஒட்டுண்ணி குரங்குகளின் உடலில் வாழ்கிறது. பரப்பும் கொசுவோ காட்டிலும் காட்டோரத் தோட்டங்களிலும், வீட்டுக்கு வெளியே கடிப்பது. வடிகாலும் கொசுவலையும் சுவரில் அடிக்கும் மருந்தும் ஓரளவுக்கு மேல் உதவா. நுண்ணோக்கியில் இது சாதுவான பிளாஸ்மோடியம் மலேரியே போலத் தெரிந்தாலும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகக்கூடியது. அதனால் காட்டுப் பக்கம் போய்வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்து, மருந்தைத் தொடங்குவது அவசியமாகிறது.