கரையோரத் தடங்கள் – 17: பக்கிங்காம் பிரபுவின் வாய்க்கால்

சென்ற வாரம் ஆலம்பரைக் கோட்டையில் நின்றோம். 1750-இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த அந்தச் சுவர்களை விட்டுத் தெற்கே இறங்கினால் மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உப்புப் பாத்திகள் தொடங்கிவிடும்.

ஊர் பழசு. சிறுபாணாற்றுப்படை சொல்லும் மன்னன் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இதுதான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அலை ஒதுக்கிய அகில் கட்டைகள் அந்தக் கரையில் தூங்கும் ஒட்டகங்கள் மாதிரிக் கிடந்ததாகப் புலவர் நத்தத்தனார் பாடுகிறார். இந்தக் கடலோரத்தில் அவருக்கு ஒட்டகத்தைக் காட்டியது யாரோ! சோழர் கல்வெட்டுகள் கொண்ட பூமீஸ்வரர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

என் கவலை பக்கிங்காம் கால்வாயைப் பற்றியது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து சென்னை வழியாக சுமார் 420 கிலோமீட்டர் ஓடிவந்து மரக்காணத்தில்தான் அது முடிகிறது. 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கியது, துண்டு துண்டாக நீண்டது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டரை 1877-78-இல் வெட்டியவர்கள் தாது வருஷப் பஞ்சத்தில் பிழைக்க வந்த கூலிகள். அந்தப் பஞ்ச நிவாரண வேலைகளுக்கென 1877-இல் அரசு குறைத்து நிர்ணயித்த கூலி, ஆண் ஒருவனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். மண் சுமப்பவனுக்கு ஒரு ராத்தல் எந்த மூலைக்கு?

பெயர் மட்டும் கவர்னருக்குப் போனது. 1875 முதல் 1880 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட மூன்றாம் பக்கிங்காம் பிரபுவின் சொந்த ஊர், இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் உள்ள ஸ்டோ மாளிகை. அப்பா வைத்த கடனுக்காக 1848-இல் அந்த மாளிகையின் தட்டுமுட்டுச் சாமான்கள் 40 நாள் ஏலம் போயின. 1889-இல் ஆண் வாரிசின்றி மகன் இறந்ததும் பட்டமும் போயிற்று. மாளிகை 1923-இல் பள்ளிக்கூடமானது. அலங்காரக் குளங்களும் மண்டபங்களும் கொண்ட அதன் தோட்டத்தை இன்று நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது; சீட்டு வாங்கிக்கொண்டு சனங்கள் சுற்றிப் பார்க்கிறார்கள்.

இங்கேயோ, அதே பெயர் கொண்ட வாய்க்காலைச் சாக்கடையாக்கிவிட்டோம். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்னைக்குப் போன நீர்வழி அது. கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு போட்டுப் படகை இழுத்த பாட்டைப் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்றே பாடிவைத்திருக்கிறார். 1965, 66 புயல்களில் கரைகள் உடைந்தன. அதற்குள் ரயிலும் லாரியும் சரக்கைப் பிடித்துக்கொண்டிருந்தன. படகுக்காரர்களுக்காக வாய்க்காலை மீட்க யாருக்கும் அவசரமில்லை.

பாத்தி மிதித்து உப்பு வாரியவர்களின் விளைச்சலுக்கு 1947 வரை வெள்ளைக்காரன் வரி வாங்கினான். அவனை எதிர்த்து வேதாரண்யத்தில் நடந்த உப்பு சத்தியாகிரகத்துக்கு நினைவுத்தூண் எழுப்பியிருக்கிறோம். பஞ்சக் கூலிகள் வெட்டிய வாய்க்காலுக்கு அந்தக் கதையைச் சொல்லும் ஒரு கல்லாவது நட்டிருக்கலாம்; நடுவதற்கு மரக்காணம் முனையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம், ஊருக்கு மேற்கே: 2024-இல் ராம்சார் பட்டியலில் ஏறிய கழுவெளி.

(தொடரும்)