சிறுநீர்க் கசிவுக்கு வலை நாடா: பாதுகாப்பை அளப்பது எப்படி?

இருமும்போதும் தும்மும்போதும் குடத்தைத் தூக்கும்போதும் வயிற்றினுள் அழுத்தம் திடீரெனக் கூடிச் சிறுநீர் கசிவதை அழுத்தக் கசிவு என்பர்; பிரசவத்தாலும் வயதாலும் சிறுநீர்ப் பாதையைத் தாங்கும் தசைகளும் திசுக்களும் தளர்வதே இதற்குப் பெரும்பாலும் காரணம். இதற்கென சுவீடன் மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டன் 1990களில் உருவாக்கிய முறையில், பாலிப்ரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழையால் பின்னிய, சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள நாடா, யோனிச் சுவரில் இடும் சிறு கீறல் வழியாகச் சிறுநீர்ப் பாதையின் அடியில் தூளிபோல் வைக்கப்பட்டு, அதன் இரு முனைகளும் முன் இடுப்பெலும்பின் பின்புறமாக அடிவயிற்றுக்குக் கொண்டுவரப்படும். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, விழித்திருக்கும் பெண்ணை மேசையிலேயே இருமச் சொல்லி, கசிவு நிற்கும் அளவுக்கு நாடாவைச் சரிசெய்வதே அவர் வகுத்த வழி. நாடாவைத் தையல் பிடித்திருப்பதில்லை. அதன் கண்ணிகளுக்குள் உடலின் திசு வளர்ந்து பற்றிக்கொள்கிறது.

நாடா நிலைத்து நிற்கக் காரணமான இந்தப் பிணைப்பே, பின்னாளில் அதை எடுக்க நேரும்போது பெருந்தடையாகிறது. பெரும்பாலான பெண்களுக்குக் கசிவு நின்று வாழ்க்கை இயல்பாகிறது என்பது உண்மை. சிலருக்கு நாடா யோனிச் சுவரை அரித்து வெளிப்படுவதும், தாம்பத்திய உறவிலும் தொடையிலும் ஆறாத வலி தங்குவதும் அதே அளவுக்கு உண்மை.

இங்கிலாந்தில் 92,246 அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, சிக்கல் விகிதத்தை 9.8 சதவீதம் என மதிப்பிட்டது. 95,057 பெண்களைப் பற்றிய 2018ஆம் ஆண்டு ஆய்வோ, ஒன்பது ஆண்டுகளுக்குள் நாடாவை அகற்ற நேர்ந்தவர்கள் 3.3 சதவீதம் என்றது. இவை முரண்படுவதாகத் தோன்றினும், எண்ணப்பட்டவை வெவ்வேறு. மேலும், இரண்டும் மருத்துவமனைப் பதிவேடுகளையே நம்பியவை என்பதால், மீண்டும் அங்கே செல்லாமல் வலி மாத்திரையோடு வீட்டில் நாளைக் கடத்தும் பெண் எந்தக் கணக்கிலும் சேருவதில்லை. பாதுகாப்பை மதிப்பிடும்போது மிகவும் வருத்தத்துக்குரிய இடைவெளி இதுவே.

கருப்பை போன்ற இடுப்பு உறுப்புகள் கீழே சரியும் அடியிறக்கத்துக்கு யோனி வழியே பொருத்தப்படும் பெரிய வலையோடு இந்த நாடாவைக் குழப்பிக்கொள்ளலாகாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019இல் விற்பனையை நிறுத்தச் சொன்னது அந்தப் பெரிய வலையைத்தான். இங்கிலாந்தோ 2018 ஜூலையில் இரண்டையும் இடைநிறுத்தியது. பெண்கள் சொன்ன வலி நெடுங்காலம் அலட்சியப்படுத்தப்பட்டதை, அங்கே இதை ஆராய்ந்த, கம்பர்லெஜ் சீமாட்டி தலைமையிலான குழு 2020இல் வெளிப்படையாகப் பதிவுசெய்தது.

எந்த அறுவை சிகிச்சைக்கும் முன், பயிற்றுநரின் மேற்பார்வையில் மூன்று மாதமேனும் இடுப்புத் தளத் தசைகளுக்குப் பயிற்சி தருவதே முறை. அதனால் தீராதபோது, பெண்ணின் வயிற்றுத் தசையுறையிலிருந்தே எடுத்த பட்டையால் தாங்கல் அமைக்கலாம். ஆனால் அதற்குப் பெரிய கீறல் வேண்டும், உடல் தேற நாளாகும், அதற்கும் தனிச் சிக்கல்கள் உண்டு. ஆகவே நாடாவை அடியோடு விலக்குவதைவிட, வலி வந்தால் அதை முழுமையாக அகற்றக்கூடியவர் யார், எங்கே இருக்கிறார் என்பதைப் பெண்ணுக்குச் சொல்லிவிட்டுக் கையொப்பம் பெறுவதே நேர்மையானது. அகற்றுவதற்கென இங்கிலாந்தில் சிறப்பு மையங்கள் தொடங்கப்பட்டது, நாடா புழக்கத்துக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கும் பிறகு, 2021இல்தான்.